கரடி டப்பாவுக்குள்ள புளிக்காய்ச்சல்

முதல்ல ஒண்ணு கேட்கணும். இந்த பேக்பேக்கிங் வீடியோ போடுறவங்க யாராவது ரசிச்சுச் சாப்பிட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?

நான் பார்த்ததில்லை.

பல் தேய்க்கிற பிரஷ்ஷோட கைப்பிடியைப் பாதியா அறுக்கச் சொல்வாங்க. எத்தனை ஜோடி சாக்ஸ் எடுக்கணும்னு அரைமணி நேரம் பேசுவாங்க. சாப்பாடுன்னு வரும்போது ஒரு அலுமினிய உறையைக் கிழிச்சு, வெந்நீர் ஊத்தி மூடி வச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு கரண்டி வாயில போட்டு, கடமைக்கு ஒரு தலையாட்டல். முடிஞ்சது. அந்த உறை ஒண்ணு பத்து டாலருக்கு மேல. மேல 'இந்தியன் கறி'ன்னு எழுதியிருக்கும். உள்ள இருக்கிற மஞ்சள் கலர் மட்டும்தான் இந்தியா.

இதை வச்சு எங்க சபை ஆளுங்களை மலை ஏத்த முடியுமா?

(சபைன்னா சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் ஒரு தமிழ்ச் சபை. காலையில அமெரிக்கக்காரங்க ஆராதனை முடிச்சுட்டுப் போனதும், அதே கட்டடத்துல மத்தியானம் நாங்க. ஆராதனை முடிஞ்சா சாப்பாடு. பிரசங்கம் நீண்டா எங்க ஜனங்க மன்னிச்சுடுவாங்க. பிரியாணி பத்தலைன்னா அடுத்த வருஷம் வரைக்கும் பேசுவாங்க.)

பாதிப் பேருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி, நாசரேத், தூத்துக்குடி, மார்த்தாண்டம் பக்கம். அசனத்துல வளர்ந்தவங்க. அசனம்னா என்னன்னு கேட்கிறவங்களுக்கு: தென் மாவட்டத்துல கோயில் பண்டிகை வந்தா சபை மொத்தமும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுற விருந்து. மண்ணுல அடுப்பு வெட்டி, அண்டா அண்டாவா சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. வந்தவன் எந்த ஊரு, யார் மகன்னு யாரும் கேட்கிறதில்லை. இலையைப் போட்டுடுவாங்க. அப்படிப்பட்டவங்ககிட்டப் போய், "ஒரு நாளைக்கு ஆளுக்கு முக்கால் கிலோ சாப்பாடு, அதுக்கு மேல கிடையாது"ன்னு சொன்னா என்ன ஆகும்?

அதைத்தான் சொல்லப் போறேன்.

இடம் முடிவானது சீக்கிரம். டாஹோ ஏரிக்கு மேற்குல டெஸலேஷன் வில்டர்னஸ்னு ஒரு காட்டுப் பகுதி. 63,960 ஏக்கர். 1969-ல இருந்து சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம், அதனால ரோடு கிடையாது, கடை கிடையாது, சக்கரம் வச்ச எதுவும் உள்ள போகக்கூடாது. அதுக்குள்ள அலோஹான்னு ஒரு ஏரி. 8,116 அடி உயரம். ஊட்டியை விட உசரம், தொட்டபெட்டா உச்சியை விடக் கொஞ்சம் கீழே. எக்கோ ஏரிக்கரையில காரை நிறுத்திட்டு ஆறு மைல் நடந்தா போய்ச் சேரலாம்.

தங்கணும்னா அனுமதிச் சீட்டு வேணும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ராத்திரிக்கு இத்தனை பேர்தான்னு கணக்கு. ஒரு குழுவுல 12 பேருக்கு மேல கூடாது.

வாட்ஸாப்புல 'யார் யார் வர்றீங்க'ன்னு போட்டதும் கை தூக்கினது அதைப் போல ரெண்டு மடங்கு. குழந்தை இருக்கிறவங்க, முட்டுவலிக்காரங்க, "டென்ட்டுக்குள்ள பிளக் பாயிண்ட் இருக்குமா"ன்னு கேட்டவர் எல்லாரும் ஒவ்வொருத்தரா கழண்டதும் ஒரு வழியா 12-க்கு வந்தது. மிச்சம் இருந்த ஒரே கேள்வி, ஞாயித்துக்கிழமை. "ஆராதனைக்கு மட்டம் போட்டுட்டு மலையேறப் போறீங்களோ?"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். பாஸ்டர் நல்ல மனுஷன். "ஏரிக்கரையில வச்சு ஆராதனை நடத்திட்டு வாங்க"ன்னு சொல்லிட்டார். பெரியவர் விடலை. "நடத்தினதுக்கு போட்டோ அனுப்பணும்." அங்க சிக்னல் கிடையாதுன்னு யாரும் அவர்கிட்டச் சொல்லலை.

பயிற்சிக்கு மிஷன் பீக் ஏறினோம். ஃப்ரீமாண்ட்ல இருக்கிற 2,517 அடி குன்று. வார இறுதியில அங்க போனா பாதி ஆந்திரா, மீதி தமிழ்நாடு. பை கனமா இருக்கணும்கிறதுக்காக எல்லாரும் உள்ள வச்சுட்டு வந்தது சோனா மசூரி மூட்டை. 20 பவுண்டு, கணக்குச் சரியா இருந்தது. இறங்கும்போது ஒருத்தர் மூட்டை கிழிஞ்சு, பாதை நெடுக அரிசி. "விதைக்கிறவன் விதைக்கப் புறப்பட்டான்னு ஆரம்பிச்சிராதிய"ன்னு பாளையங்கோட்டை அண்ணாச்சி முன்கூட்டியே கும்பிட்டுக் கேட்டுக்கிட்டார்.

அண்ணாச்சியைப் பத்திச் சொல்லணும். ஐம்பது தாண்டியாச்சு. 'முடியாது'ன்னு சொல்லத் தெரியாது. சபையில நாற்காலி அடுக்கிறதுல இருந்து, விமான நிலையத்துல யாரோட மாமியாரையோ கூட்டிட்டு வர்றது வரைக்கும் அவர்தான். பேக்பேக்கிங்ல இந்தக் குணம் ரொம்ப ஆபத்து. ஏன்னா எல்லார் பையிலேயும் அடங்காத சாமான் கடைசியில ஒரே பைக்குப் போய்ச் சேரும்.

எக்கோ ஏரி கார் நிறுத்துமிடத்துல எடை பார்த்தோம். எதை வச்சு? ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தொங்கவிட்டு 23 கிலோ பார்க்கிறோமே, அந்தக் கைத்தராசு. தமிழன் வீட்டுல அது இல்லாம இருக்காது. உடம்பு எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல பை இருக்கக்கூடாதுங்கிறது பொதுவான கணக்கு. நாசரேத் அக்கா பையைத் தொங்கவிட்டதும் முள்ளு அந்தப் பங்கைத் தாண்டி எங்கேயோ போய் நின்னுது. என்னக்கா வச்சிருக்கீங்க?

குக்கர்.

ரெண்டு லிட்டர் அலுமினியக் குக்கர். துணியில சுத்தி, விசில் தனியா ஒரு உறையில.

"சோறு இல்லாம மூணு நாள் எப்படிடே இருப்பிய? பச்சப் புள்ளைகளா இருக்கிய."

சண்டை ஆரம்பம். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, விஞ்ஞானம் அக்கா பக்கம்தான். மேல போகப் போக காத்தழுத்தம் குறையும், தண்ணி சீக்கிரமே கொதிக்க ஆரம்பிச்சுடும். எட்டாயிரம் அடியில ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதி வந்துடும். பார்க்கிறதுக்குத் தளதளன்னு கொதிக்கும், ஆனா சூடு பத்தாது, அரிசி லேசுல வேகாது, பருப்பு அதை விட மோசம். குக்கர் இருந்தா அந்தப் பிரச்சினையே இல்லை. எடைதான் பிரச்சினை. ஒன்றரைக் கிலோவுக்கு மேல.

வழக்கம்போல அண்ணாச்சி, "இங்க தாங்க, நான் தூக்கிட்டு வாறேன்"னார். எல்லாருமா சேர்ந்து அவரைத் தடுத்தோம். குக்கர் காருக்குள்ளயே இருக்கட்டும்னு தீர்ப்பாச்சு. அப்புறம் இன்னொரு பயம். அந்தப் பக்கத்துக் கரடிங்க காரையே திறக்கும். சாப்பாடு உள்ள இருக்குன்னு வாசம் பட்டா கதவைப் பேர்த்துடும். "காலிக் குக்கரை வச்சு அது என்ன செய்யப் போகுது?"ன்னு ஒருத்தர். "எத்தனை தடவை தேச்சாலும் சாம்பார் வாசம் போகாதுடே"ன்னு அக்கா. கடைசியில அங்கேயே இருந்த குழாயில ஒரு தடவை கழுவினோம்.

இப்ப கரடி டப்பா.

டெஸலேஷன்ல தங்கினா சாப்பாட்டைக் கரடியால திறக்க முடியாத டப்பாவுலதான் வைக்கணும், சட்டமே அப்படி. ஒரு சின்னக் குடம் அளவு பிளாஸ்டிக் உருளை. பெருசு பதினொண்ணரை லிட்டர் பிடிக்கும், காலி டப்பாவே ஒரு கிலோவுக்கு மேல. மூடியைத் திருகும்போது ரெண்டு தடவை 'கிளிக்' கேட்கணும். திறக்கும்போது அந்தக் கிளிக்கை உள்பக்கமா அமுக்கிட்டே திருப்பணும். காலை குளிர்ல பிளாஸ்டிக் விறைச்சுப் போய் கரடி மட்டுமில்ல, மனுஷனும் திறக்க முடியாது. அதுக்கு ஒரு உபாயம் இருக்கு: கிரெடிட் கார்டை மூடி இடுக்குல விட்டா கிளிக் நழுவிடும். காட்டுல கிரெடிட் கார்டுக்கு அது ஒண்ணுதான் வேலை.

(நியூயார்க் மாநிலத்துல, ஆடிரோண்டாக் மலையில ஒரு பெண் கரடி இந்த மாதிரி டப்பாவைத் திறக்கவே கத்துக்கிச்சு. ரெண்டு காதுலயும் மஞ்சள் அடையாளச் சீட்டு, அதனால பேரு யெல்லோ-யெல்லோ. பல்லால அந்தக் கிளிக்கைக் கடிச்சு அமுக்கித் திருப்பும். டப்பா பண்றவங்க வடிவத்தையே மாத்திப் பார்த்தாங்க, அதையும் திறந்துடுச்சு. 2012-ல ஒரு வேட்டைக்காரன் சுட்டுட்டான். எங்க கூட்டத்துல பாதிப் பேர் இஞ்சினியர். அந்தக் கதையைக் கேட்டதும் கரடி மேல வந்த மரியாதை இன்னும் போகலை.)

டெஸலேஷன் பக்கம் இருக்கிறது கிரிஸ்லி கிடையாது, கருங்கரடி. கலிஃபோர்னியா கொடியில இருக்கிறது கிரிஸ்லி, ஆனா 1920-களோட அது இந்த மாநிலத்துல அழிஞ்சு போச்சு. கொடியில மட்டும் நடந்துட்டிருக்கு. கருங்கரடி மனுஷனைத் தேடி வர்றதில்லை. வாசனையைத் தேடித்தான் வரும். அதனால சாப்பாடு மட்டுமில்ல, வாசம் வர்ற எல்லாம் டப்பாவுக்குள்ள போகணும். பேஸ்ட், சோப்பு, வெயில் கிரீம்.

"அமிர்தாஞ்சன்?"

அதுவும்தான் அக்கா.

"தலவலி வந்தா ராத்திரியில எந்திரிச்சு நூறு அடி நடந்து போயா எடுக்கணும்?"

ஆமாக்கா.

மார்த்தாண்டம் அண்ணன் அந்த நேரம் பார்த்து மெதுவா, "மக்கா, கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொண்டு வந்திருக்கேன்"னார். யாரும் பேசலை. டப்பாவைத் திறக்க முடியாதே தவிர, வாசத்தை அது அடைக்காது. கருவாட்டு வாசத்துக்கு அந்த மலைத்தொடர்ல இருக்கிற கரடி மொத்தமும் வந்து நம்ம டப்பாவை விடிய விடிய உருட்டி விளையாடும். அதைக் காருக்குள்ளயும் விட முடியாது. நிறுத்துமிடத்துல இருந்த கரடித் தடுப்புக் குப்பைத்தொட்டிக்குள்ள அது போனப்ப அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே!

ரெண்டு பேருக்கு ஒரு டப்பாங்கிறது கணக்கு. எங்களோடதுல புளிக்காய்ச்சல், அவல், பருப்புப்பொடி, வறுத்த வேர்க்கடலை, கோவில்பட்டி கடலைமிட்டாய் (2020-ல புவிசார் குறியீடு வாங்கினது, சாதாரண ஆள் இல்லை), ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டி. இதுல எதுவும் மலைக்குன்னு வாங்கினதில்லை. நம்ம பாட்டிமார் ரயிலுக்குக் கட்டின அதே கட்டுச்சோறுதான். கெடாது, கசியாது, அடுப்பு வேண்டாம், கை நிறைய எடுத்தா கால் வயிறு நிறையும். இந்தப் பட்டியலை யாராவது ஒரு வெள்ளைக்காரர் போட்டு, மேல ஒரு ஸ்டைலான பேரும் ஒட்டியிருந்தா, பொட்டலம் பன்னிரண்டு டாலருக்கு வித்துட்டிருப்பார்.

எக்கோ ஏரி ரெண்டு ஏரியா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். படகு ஓடுற காலத்துல அதுல ஏறினா ரெண்டரை மைலுக்குக் குறையாம நடை மிச்சம். படகா, நடையான்னு ஒரு விவாதம். "சீஷர்களைப் படவுல ஏத்தி அக்கரைக்கு அனுப்புறது வேதத்துலயே இருக்கு"ன்னு அண்ணாச்சி சொன்னதும் படகு ஜெயிச்சுது. கரையில வரிசையா சின்னச் சின்ன மரவீடுங்க. அதுக்கும் ரோடு கிடையாது, படகுல போகணும் இல்லைன்னா நடந்து போகணும்.

படகு இறங்கினப்புறம் ஏத்தம். முதல் ஒரு மைல் எல்லாரும் பாட்டு. ரெண்டாவது மைல்ல பேச்சு மட்டும். அதுக்கப்புறம் மூச்சு மட்டும். பாறை மேல பாறை, நடுவுல ஜூனிபர் மரம் முறுக்கிக்கிட்டு நிக்குது. வெயில் சுள்ளுன்னு அடிக்குது, ஆனா நிழலுக்குள்ள போனா குளிருது. நான் எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிட்டே வந்தேன்: வேதத்துல மாற்கு ஆறாம் அதிகாரத்துல சீஷர்களை அனுப்பும்போது கையில ஒரு தடி மட்டும் போதும், பை வேண்டாம், அப்பம் வேண்டாம், இடுப்புல காசு வேண்டாம்னு சொல்லியிருக்கு. உலகத்தின் முதல் அல்ட்ராலைட் பேக்பேக்கர்ஸ் அவங்கதான். அண்ணாச்சி நின்னு, திரும்பி, "அவங்க போன ஊருல சோறு போட ஆள் இருந்துச்சு தம்பி"ன்னார்.

அதுக்கு என்ன பதில் சொல்ல?

அலோஹாவைப் பத்தி ரெண்டே வார்த்தை சொல்லிட்டு நகர்ந்துடறேன், ஏன்னா போட்டோ பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். வெள்ளைக் கருங்கல் பள்ளத்துல தண்ணி நிரம்பி நிக்குது. எதிர்ல கிரிஸ்டல் ரேஞ்ச், அதோட உச்சி பிரமிட் பீக், 9,983 அடி. ஜூலையிலயும் இடுக்குல பனி. ஏரிக்குள்ள எண்ண முடியாத அளவு பாறைத் திட்டு. இது முழுசா இயற்கை ஏரின்னு நினைச்சேன், இல்லையாம். மெட்லி ஏரிகள்னு பல சின்ன ஏரிகளா கிடந்ததைக் கல்லணை கட்டித் தேக்கினதுதான் அலோஹா. கோடை கடைசியில தண்ணியைத் திறந்து விட்டதும் திரும்பவும் குட்டை குட்டையா ஆயிடும். நம்ம ஊர்க் குளத்துக்காரங்களுக்கு இது புரியும்.

முதல் நாள் சாயங்காலம் சோறு.

குக்கர் கார்ல இருக்கு, ஆனா அரிசி மட்டும் எப்படியோ மேல வந்துடுச்சு. (யார் பையில வந்ததுன்னு சொல்லத் தேவையில்லை.) விறகு மூட்டவே கூடாது, கேஸ் அடுப்பு மட்டும்தான் அனுமதி. அக்கா பொன்னி புழுங்கல் அரிசியைப் பாத்திரத்துல போட்டு வச்சாங்க. இருபது நிமிஷம். கொதிக்குது. அரை மணி. கொதிக்குது. எடுத்து நசுக்கினா நடுவுல விதை விதையா நிக்குது. கேஸ் குப்பி காலியாகுற சத்தம் கேட்க ஆரம்பிச்சுது. "உலை சரியில்ல"ன்னாங்க அக்கா. அடுப்பை வேற இடத்துக்கு மாத்தினாங்க. மூடி மேல கல்லு வச்சாங்க. காத்து மறைக்க மூணு பேர் சுத்தி உட்கார்ந்தோம். 92 டிகிரி 92 டிகிரிதான்.

அரைவேக்காட்டுச் சோத்தை அங்க புதைக்கக்கூடாது, ஏரியில கொட்டக்கூடாது. குப்பையா திரும்பக் கொண்டு வரணும், அதுவும் கரடி டப்பாவுக்குள்ள வச்சு. அது கடைசியில யார் முதுகுல வந்ததுன்னு நினைக்கிறீங்க?

அன்னைக்கு ராத்திரி எங்களைக் காப்பாத்துனது அவல். ஏரித் தண்ணியை ஃபில்டர்ல வடிகட்டி, கெட்டி அவல்ல தெளிச்சுக் கால் மணி நேரம் மூடி வச்சோம். புளிக்காய்ச்சல் ரெண்டு கரண்டி, மேல வேர்க்கடலை. கை விட்டுப் பிசையும்போதே நல்லெண்ணெய் வாசம் எழும்புச்சு. ஒவ்வொரு அவலும் தனித்தனியா, கருஞ்சிவப்பா, மிளகாய் விதை ஒட்டிக்கிட்டு. அடுப்பே இல்லாம புளியோதரை. அக்கா ஒரு கவளம் எடுத்து வாயில போட்டுட்டு ஒண்ணும் சொல்லலை. ரெண்டாவது தடவை தட்டை நீட்டினாங்க, அவ்வளவுதான்.

கொசுவைப் பத்தி? வேண்டாம். ஜூலையில பனி உருகின ஈரத்துல பிறந்த கொசு. காத்து அடிக்கிற பாறை மேல டென்ட் போட்டா தப்பிக்கலாம், புல்லுப் பக்கம் போட்டா காலி.

இன்னொரு விஷயம், எல்லாரும் கேட்கணும்னு நினைச்சு கேட்காதது. காட்டுல 'ரெண்டு' எப்படின்னு. தண்ணியில இருந்து 200 அடி தள்ளிப் போய், சின்ன மண்வெட்டியால ஆறு, எட்டு இஞ்ச் ஆழம் தோண்டி, முடிச்சுட்டு மூடிடணும். பேப்பரைப் பையில போட்டு எடுத்துட்டு வரணும். இதைக் கேட்டு இளம் பசங்க முகம் சுளிச்சப்ப அண்ணாச்சி, "உபாகமம் 23-ஆம் அதிகாரத்துல பாளயத்துக்கு வெளிய போய், கோல் வச்சுத் தோண்டி மூடணும்னு சட்டமே இருக்குடே"ன்னார். எடுத்துப் பார்த்தோம், இருக்கு! இப்ப இந்த அல்ட்ராலைட்காரங்க பிளாஸ்டிக் பாட்டில் மூடியில ஓட்டை போட்டு, பேப்பருக்குப் பதிலா தண்ணி பீய்ச்சிக் கழுவுறதைப் பெரிய கண்டுபிடிப்பா வீடியோ போடுறாங்க. வாங்க தம்பி, இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?

சனிக்கிழமை சாயங்காலம்தான் அந்தப் பையன் வந்தான்.

அலோஹா கரையோரமா போற பாதை பசிபிக் கிரெஸ்ட் ட்ரெயிலோட ஒரு பகுதி. மெக்சிகோ எல்லையில இருந்து கனடா வரைக்கும், 2,650 மைல். வசந்தத்துல தெற்குல புறப்பட்டவங்க ஜூலை வாக்குல இந்தப் பக்கம் வந்து சேருவாங்க. இவனும் அப்படித்தான், அதுவரைக்கும் 1,100 மைல் கிட்டத்தட்ட நடந்தாச்சு. தாடி, கிழிஞ்ச சட்டை, கால் பூரா புழுதி. கன்னம் ஒட்டிப் போயிருக்கு. தண்ணி பிடிக்க எங்க பக்கத்துல குனிஞ்சான்.

அக்கா பார்த்தாங்க. "யாரு பெத்த புள்ளையோ, எலும்பும் தோலுமா கிடக்கு. கூப்பிடு அவனை."

வந்தான். கீழே உட்காரவே கொஞ்சம் யோசிச்சான், எழுந்திரிக்க முடியாதோன்னு பயம் போல. ராத்திரிச் சாப்பாடு என்னன்னு கேட்டோம். பையில இருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் ஜாடியை எடுத்துக் காட்டினான். அதுல நூடுல்ஸை உடைச்சுப் போட்டு, பச்சைத் தண்ணி ஊத்தி, நடந்துக்கிட்டே ஊற வச்சிருக்கான். அடுப்பு எடையை மிச்சம் பிடிக்க இப்படி ஒரு கூட்டமே இருக்காம், கோல்ட் சோக் பண்றவங்க. அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும், "நம்ம அவலைத்தான் இவன் நூடுல்ஸ்ல செய்யுதான். அவல் கிடைக்கலை போல பாவம்"ன்னு தட்டை நிரப்பிட்டாங்க.

சாப்பிட்டான். நிமிர்ந்தே பார்க்கலை. காரம் கண்ணுல தெரிஞ்சுது, நிறுத்தலை. தட்டு காலியாகும் முன்னாடியே அக்கா அடுத்த கரண்டி. அடுத்தது. நம்ம ஊர்ல 'போதும்'னு சொல்லத் தட்டுக்கு மேல கையை மறைச்சுப் பிடிப்போமில்ல, அந்த வித்தை அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் செஞ்சிருக்க மாட்டான். கருப்பட்டித் துண்டை அப்படியே கடிச்சான். இது என்னன்னு கேட்டான். பனைமரத்துச் சர்க்கரைன்னு சொன்னோம். கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கம் போன இன்னும் சில ஹைக்கர்ஸையும் அவனே கூப்பிட்டுட்டான். எங்க கல்லு மேலேயே ஒரு சின்ன அசனம் நடந்துடுச்சு.

அப்ப அவன் பையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னான். சாப்பாடும் தண்ணியும் இல்லாம எட்டுக் கிலோகூட வராது. மலையில மாசக்கணக்கா நடக்கிறவனோட மொத்த உலகம் அது. அண்ணாச்சி ஒரு கையால தூக்கிட்டு, தன் பையையும் தூக்கிப் பார்த்துட்டு, அக்காவைப் பார்த்தார். அக்கா ஏரியைப் பார்த்தாங்க.

இந்த எடை குறைக்கிற விளையாட்டுல ஜான் மியூரை மிஞ்ச ஆளில்லை. பிரெட்டும் டீத்தூளும் எடுத்துக்கிட்டே சியரா மலையைச் சுத்தினவர். (ஸ்காட்லாந்துல பிறந்தவர், அப்பா கடுமையான பக்திமான். அடிச்சு அடிச்சே புதிய ஏற்பாடு முழுக்கச் சின்ன வயசுல மனப்பாடம் பண்ண வச்சார். நம்ம ஞாயிறு பள்ளிக்கூடத்துல பரிசு சோப்புடப்பாவோட போச்சு, தப்பிச்சோம்.) ஆனா 1869 கோடையில ஆடு மேய்ப்பவங்களோட மலைக்குப் போனப்ப மாவு தீர்ந்து, வெறும் ஆட்டுக்கறியை மட்டும் தின்னு, பிரெட் இல்லாம எவ்வளவு தவிச்சார்னு அவரே எழுதியிருக்கார். அந்தப் புத்தகம் 1911-ல வந்தது. வெறும் கறி இறங்கலையாம், கூட ஏதாவது வேணுமாம். சோறு இல்லாம எப்படிடான்னு கேட்ட அக்காவும், ரொட்டிக்கு ஏங்கின மியூரும் ஒரே கட்சின்னு நான் சொன்னப்ப, "அந்தத் தம்பி யாரு, எந்தச் சபை?"ன்னு கேட்டாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில ஆராதனை. இசைக்கருவின்னு ஒரு கஞ்சிரா மட்டும், எடை கருதி. மத்தவங்க டென்ட் தள்ளித்தான் இருந்துச்சு, இருந்தாலும் எங்க ஆளுங்ககிட்ட முதல்லயே சொல்லி வச்சோம்: மெதுவா பாடணும், இது கன்வென்ஷன் கிரவுண்டு இல்லை. முதல் கீர்த்தனை மெதுவாத்தான் ஆரம்பிச்சுது. ரெண்டாவது சரணத்துல மார்த்தாண்டம் அண்ணன் கட்டுப்பாட்டை இழந்தார். பாறைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மார்மட் தலையை நீட்டிப் பார்த்துச்சு. பிரசங்கம் கிடையாது, சங்கீதம் வாசிச்சோம். அதுவரைக்கும் எல்லாரும் போன்ல வேதம். அண்ணாச்சி மட்டும் ஜிப் வச்ச பெரிய தமிழ் வேதாகமத்தைத் தூக்கிட்டு வந்திருந்தார். அது எத்தனை எடைன்னு யாரும் தராசை எடுக்கலை. குளிர்ல ஒவ்வொரு போனா சார்ஜ் செத்தது. கடைசியில எல்லாரும் அந்த ஒரு புத்தகத்தைச் சுத்தித்தான் நின்னோம்.

போன் எல்லாம் சாகுறதுக்கு முன்னாடியே போட்டோவும் எடுத்திருந்தோம். பெரியவருக்கு சாயங்காலம் கீழே இறங்கினதும் அனுப்பினோம். "சட்டையை மாத்திட்டு நின்னிருக்கலாம்"னு ஒரு பதில் வந்தது.

போக நினைக்கிறவங்களுக்கு என் தீர்ப்பு இதுதான். அனுமதிச் சீட்டை முதல்ல பாருங்க, அலோஹா பகுதி கோடை வார இறுதிக்குச் சீக்கிரம் நிரம்பிடும். கரடி டப்பாவை விலைக்கு வாங்காதீங்க, வாடகைக்குக் கிடைக்குது. ஜூலையில போனா தண்ணியும் நிறைய, கொசுவும் நிறைய; செப்டம்பர்ல ரெண்டும் குறைவு. அந்த அலுமினிய உறைச் சாப்பாட்டுக்குக் காசைக் கரியாக்க வேண்டாம். கெட்டி அவலா வாங்குங்க, மெல்லிசு அவல் கூழாயிடும். புளிக்காய்ச்சலை வழக்கத்தை விட எண்ணெய் கூடுதலா விட்டுச் சுண்டக் காய்ச்சுங்க. அளவு போடும்போது எதிர்ல வர்ற ஹைக்கரையும் கணக்குல சேர்த்துக்குங்க. ஊறுகாயை மட்டும் தயவுசெஞ்சு கண்ணாடி பாட்டில்ல கொண்டு வராதீங்க. அதைத் தூக்கப் போறது நீங்க இல்லை, அண்ணாச்சி.